நடு சோபாவில் உட்கார வேண்டியவன்

பிரான்சிஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அவன்மேல் இல்லை. அவனைப் போல ஒரு தங்கமான ஆளை நான் பார்த்ததே கிடையாது.

தொண்ணூற்றெட்டாம் வருடம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஆடியோ கடை. நான் சேல்ஸ்மேன், அவன் டெக்னீஷியன். அவனுக்குப் போத்தனூரில் ஒற்றை அறை வீடு. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், அவன் ஒருத்தன் சம்பளம். அப்பனும் ஆத்தாளும் காலமெல்லாம் பிறத்தியார் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவன் ஐ.டி.ஐ. முடித்து ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்தவன். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயர் மாற்றிச் சொருகியிருந்தால், பாட்டு தொடங்கிய மறு நொடி, "அண்ணா, எடது பக்கம் ஒயரு மாறிக் கெடக்குதுங்க" என்பான். எனக்குக் காது இருப்பது மூக்குக் கண்ணாடி மாட்டத்தான்.

அப்போது வசதிக்காரர்களை ஹோம் தியேட்டர் பைத்தியம் பிடித்து ஆட்டியது. வருகிறவர்கள் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்ஸைப் படித்துவிட்டு, அரிசி மூட்டை எடை பார்ப்பது மாதிரி எது பெரிசோ அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலாளிக்கும் அதுதான் சௌகரியம். தொண்டாமுத்தூர் கிருபாசங்கரும் அப்படித்தான் வந்தார். தென்னந்தோப்பும் பம்ப்செட் கம்பெனியும் உள்ளவர், வீடு புதிதாகக் கட்டியிருந்தார்.

"ஐயாயிரம் வாட்ஸு செட்டு வேணுமுங்க. சப்ஊஃபர் பன்னெண்டு இஞ்சுல ரெண்டு போட்டிருங்க" என்றார்.

நான் பில் புத்தகத்தையே எடுத்துவிட்டேன். பிரான்சிஸ் சும்மா இருந்தானா?

"ஐயாயிரமுங்கறது அட்டைக்கு மட்டுந்தானுங்க. ரிசீவருங்கற ஆம்ப்ளிஃபயரு ஒரு ஸ்பீக்கருக்கு நெசமா எத்தன வாட்ஸு குடுக்குது, ஸ்பீக்கரு எத்தன ஓம்ஸு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கோணுமுங்க. இல்லாட்டி ரிசீவரு சூடாகிப் போயிருமுங்க. உங்க ஹாலுக்குப் பத்து இஞ்சு சப்ஊஃபர் ஒண்ணு போதும். ரெண்டு வெச்சா 'தம் தம்'முன்னு சன்னல்தான் ஆடும், வசனம் கேக்காதுங்க."

கிருபாசங்கர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். கடையில் அவருக்குப் பிரான்சிஸின் காது வேண்டியிருந்தது. அவன் கை காட்டிய ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் முதலாளி அவன்மேல் பாய்ந்தார்.

"பெரிய யாவாரத்தக் கெடுத்துப்போட்டயே! இந்த செட்டு மட்டும் திரும்பி வரட்டும், நீ இந்தக் கடைப் படி ஏறக்கூடாது."

மறுநாள் நானும் பிரான்சிஸும் தொண்டாமுத்தூர் போய் எல்லாவற்றையும் பொருத்தினோம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் சப்ஊஃபர். கடைசியாக ஒரு வேலை உண்டு. ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று ஒரு சத்தம் அனுப்பும். வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்து படம் பார்ப்பாரோ அதே இடத்தில் காது தெரிந்தவன் உட்கார்ந்து, எல்லாம் ஒரே அளவாகக் கேட்கும்படி கூட்டிக் குறைத்து வைக்க வேண்டும். பிரான்சிஸ் ரிமோட்டோடு நடு சோபாவுக்குப் போனான்.

கிருபாசங்கரின் அம்மா பாப்பாயி சமையல்கட்டிலிருந்து வந்தார். வந்த உடனேயே என்னிடம், "பேரென்னங்க? எந்தூருங்க? என்ன கூட்டமுங்க?" என்று சாதி, குலம் வரை விசாரித்து முடித்திருந்தார். பிரான்சிஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெயரே போதுமாக இருந்தது.

"கண்ணு, நீ அப்படி வாசப்படி நெலவுகிட்டயே நின்னுக்க சாமி. காளிச்சாமி உக்காரட்டும். நம்ம பையந்தானே."

எவ்வளவு பதவிசு, எவ்வளவு மரியாதை! எங்கள் ஊரில் மனுசனைத் தள்ளி வைப்பதற்குக்கூடக் கண்ணு, சாமி எல்லாம் உண்டு. தூ!

நான் என்ன செய்தேன்? உட்கார்ந்தேன். சோபா மெத்தென்று இருந்தது.

பிரான்சிஸ் வாசற்படியில் நின்றபடி, "அண்ணா, பின்னாடி சத்தம் எச்சா இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"செரியாத்தான் இருக்குதப்பா."

"நடு ஸ்பீக்கருங்க?"

"அதும் செரியாத்தான் இருக்குது."

எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று இருந்தது.

நான்காம் நாள் தொண்டாமுத்தூரிலிருந்து ஃபோன் வந்தது. முன்னால் பேசுவது கேட்கவில்லை, பின்னால் காட்டுக்கத்தல், சப்ஊஃபர் நெஞ்சில் குத்துகிறது, ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருவதற்குள் சரிசெய்யாவிட்டால் செட்டைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். முதலாளி எங்கள் இருவரையும் துரத்தினார். பஸ்ஸில் பிரான்சிஸ் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, இன்னைக்கு நான் உக்காந்து கேட்டாத்தான் ஆகுமுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றேன். அங்கே போனதும் ரிசீவருக்குப் பின்னால் போய் ஒயரை நோண்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவனே கேட்டான்.

கிருபாசங்கர் அம்மாவைப் பார்த்தார். "உக்காரட்டுமுங்கம்மா, வேலையாகோணுமில்ல."

பாப்பாயி உள்ளே போய் ஒரு பழைய போர்வையை எடுத்து வந்து நடு சோபாவில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவியும் விட்டார். "இப்ப உக்காரு கண்ணு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, போர்வையைப் பிடித்து இழுத்து எறிந்தேன்.

"போன தடவ ஒயரு இழுத்த அழுக்கோட நான் உக்காந்தனே, அப்ப எங்கீங்க போச்சு இந்தப் போர்வ?"

பாப்பாயி திகைத்துப் போய், "தப்பா ஒண்ணும் சொல்லலீங்களே, கண்ணுன்னுதானே சொன்னேன்" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் ஏதோ வீரச்செயல் செய்துவிட்டவன் மாதிரி பிரான்சிஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு கோபத்தை அவன் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை.

"விடுங்கண்ணா. இந்தக் கோவம் உங்களுக்குப் போன தடவையே வந்திருக்கோணுமுங்க."

ரிமோட்டை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் செட் திரும்பி வந்தது. முதலாளி கத்திக் களைத்தபின் என்னைக் கூப்பிட்டார். "போத்தனூரு போயி, இனி வர வேண்டாம்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டு வா."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

என்னைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டான்.

"உக்காருங்கண்ணா, உக்காந்து சொல்லுங்க" என்றான்.

நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தேன்.