விளக்கைச் சுற்றி வளையம்

அந்த ஓவியத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை இன்னும் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்காவது பார்த்தால் அதில் வரும் ஒரு வாக்கியத்தை என்னிடமே சொல்லிக் காட்டுகிறார்கள். அந்த வாக்கியம் என்னுடையதல்ல, என் மனைவி சொன்னது. அவள் சொன்னபோது அது ஓவியத்தைப் பற்றிய கருத்தும் அல்ல. இதைச் சொல்ல வேண்டிய காலத்தில் நான் சொல்லவில்லை. இப்போது சொல்வதால் யாருக்கும் ஒரு பயனும் கிடையாது.

படம் எல்லோரும் பார்த்திருக்கக் கூடியதுதான். இரவு வானம். நட்சத்திரங்களும் பிறை நிலாவும் தம்மைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு சிற்றூர், சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், நடுவே ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். இடப்பக்கம் கறுத்த மரம் ஒன்று தீ நாக்கு போல மேலே ஏறும். எழுபதுகளின் தொடக்கத்தில் பழைய புத்தகக் கடையொன்றில், வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து பிரிந்து வந்த நடுத்தாளாக அது எனக்குக் கிடைத்தது. சட்டம் போட மயிலாப்பூர் மாடவீதிக்கு எடுத்துப் போனேன். முருகனுக்கும் மாதாவுக்கும் இறந்துபோன தாத்தாக்களுக்கும் கண்ணாடி போடுகிற கடை. கடைக்காரர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, தீவாளி படமா? வானம் பூரா சங்கு சக்கரமா வுட்டுக்கீறான்.”

அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று சேகரிப்பது அப்போது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

நாங்கள் சாந்தோமில் ஒரு பெரிய வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். அவள் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. குழந்தைகள் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் என் நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் அபிராமபுரத்து வக்கீல், இன்னொருவர் தியாகராய நகரில் வங்கி அதிகாரி. ஏதாவது ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம். எங்களில் ஒருவருக்கும் தூரிகை பிடிக்கத் தெரியாது. பேச நன்றாகத் தெரியும்.

அந்தப் படம் சுவரேறிய முதல் சனிக்கிழமை பேச்சு நீண்டது. வரைந்தவனுக்குச் சித்தம் கலங்கியிருந்ததை வக்கீல் எடுத்துக்கொண்டார். அது கவிழ்த்து வைத்த கடல் என்றார் வங்கி அதிகாரி. நான் கடவுளைப் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பும்போது, வக்கீல் விளையாட்டாக அவளிடம் கேட்டார். உங்களுக்கு இந்தப் படம் புரிகிறதா என்றார்.

அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். “புரியறதுக்கு என்ன இருக்கு? ராத்திரியில விளக்கைப் பாத்தா இப்படித்தானே இருக்கும். நம்ம பீச் ரோட்டு லைட்டு கூட இப்படித்தான். சுத்தி வளையம், உள்பக்கம் நீலமா, வெளிய செவப்பா.” பிறகு கோபுரத்தின் மேல் விரலை வைத்தாள். “எல்லா வீட்லயும் வெளிச்சம் இருக்கு. கோயில் மட்டும் இருட்டா கிடக்கு. உபதேசியாருக்குச் சம்பளம் பாக்கி போலிருக்கு.”

உபதேசியார் என்பவர் கோயிலில் விளக்கேற்றி மணியடிக்கிறவர். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது அந்த வளையம். “ஒரு காப்பி ஆறுறதுக்குள்ள சொல்லிட்டாங்களேய்யா, நீ சாயங்காலம் பூரா சுத்தி வளைச்சதை” என்று என்னைக் குத்தினார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்த மாதமே கட்டுரையை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். “விளக்கைச் சுற்றி வளையம் உண்டு. பழக்கம் அதை நம் கண்ணிலிருந்து துடைத்துவிட்டது. அவன் துடைக்கவில்லை, அவ்வளவுதான்.” இதுதான் எல்லோரும் சொல்லிக் காட்டும் வாக்கியம். முதல் வரைவில் ‘என் மனைவி சொன்னாள்’ என்று இருந்தது. படித்துப் பார்த்தபோது அது வீட்டுப் பேச்சு மாதிரி ஒலித்தது. அடித்துவிட்டேன்.

இதழ் வந்ததும் அவளிடம் கொடுத்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து பொடியாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றாள். படித்தேன். அந்த வாக்கியத்தையும் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று கடைசியில் சொன்னாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் லஸ் முனைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது.

அவளுக்குத் தலைவலி வரும். மாலை மங்கும் நேரத்தில், அல்லது சினிமாக் கொட்டகையில் இருந்துவிட்டு வந்தால் வரும். புருவத்துக்கு மேல் பிளக்கிறது என்பாள், சில நாள் வாந்தியும் எடுப்பாள். பித்தம் என்று நான் முடிவு செய்தேன். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கலந்து நானே கொடுத்திருக்கிறேன். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதனால் பித்தம்தான் என்பது மேலும் உறுதியானது. ஈஸ்டருக்கு முந்தைய இரவுப் பூசையில் விளக்கையெல்லாம் அணைத்து, எல்லோர் கையிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஒரு வருடம் அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்தவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “ஒவ்வொரு திரிக்கும் ஒரு வானவில் இருக்குங்க” என்றாள். அவள் குரலில் வியப்பு இல்லை. பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் குனிந்து, “நம்ம படம் மாதிரியா?” என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அடுத்த வருடம் அவளுடைய பள்ளியின் தலைமையாசிரியையான கன்னிகாஸ்திரீ என்னை வரச்சொன்னார். பிள்ளைகள் பக்கத்தில் வந்து நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், டீச்சர் கவனிப்பதே இல்லை என்றார். நேராக முன்னால் போய் நின்றால்தான் பார்க்கிறாளாம். வீட்டில் மனவருத்தம் ஏதாவது உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை அவள் வலப்பக்கமாகப் போய்ச் சத்தமில்லாமல் நின்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் நின்றேன். அவள் திரும்பவில்லை.

கண் மருத்துவர் வயதானவர், பொறுமைசாலி. இருட்டறையில் விளக்கை வைத்து அவள் கண்களைப் பார்த்தார். விரலை ஆட்டி ஆட்டி, எதுவரை தெரிகிறது என்று கேட்டார். பிறகு எங்களை உட்கார வைத்துவிட்டு, அவளைப் பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. தலைவலி உண்டா என்றார். உண்டு என்றேன். வாந்தி? உண்டு என்றேன். “விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?”

நான் அச்சில் ஏற்றிய வாக்கியம் அது. என் பெயர் போட்டு வந்தது.

“இல்லை” என்றேன்.

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். முழுவதும் திருப்பினால்தான் நான் அவள் பார்வைக்குள் வருவேன் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. சற்று நேரம் பார்த்தாள். பிறகு மருத்துவர் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது, அது நரம்பைக் கொன்றுகொண்டே வந்திருக்கிறது என்றார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வளையல் வழியாகப் பார்க்கிற அளவுக்கு மிச்சமிருக்கிறது. வளையம் தெரிய ஆரம்பித்த காலத்திலேயே வந்திருந்தால், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரையில் சின்னதாக ஒரு துளை போட்டு இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். “சில பேருக்கு அது தெரியறதே இல்லை, சொல்லவும் மாட்டாங்க. உங்க மேல தப்பில்லை சார்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

அறுவை செய்தார்கள். சொட்டு மருந்து விட்டோம். விட்டால் எரியும், இருட்டு இன்னும் இருட்டாகும். வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகள் கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள், பிறகு வரவில்லை. வளையல் மோதிரமானது. எழுபதுகள் முடிவதற்குள் மோதிரமும் மூடிக்கொண்டது.

சனிக்கிழமைக் கூட்டத்தை நான் நிறுத்திவிட்டேன். ஏன் என்று வக்கீல் கேட்டபோது, அவள் உடம்பைக் காரணம் சொன்னேன். அதுவும் உண்மை இல்லை. அவர் அந்த வளையத்தை ஞாபகம் வைத்திருப்பாரோ என்ற பயம்தான்.

படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். அவளுக்கு எப்படியும் தெரியாது என்பதால் கழற்றுவதை அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். சில மாதம் கழித்து ஒரு மாலை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“அந்த ராத்திரிப் படம் இருக்கா சுவத்துல?”

“இருக்கு” என்றேன்.

“கோயில்ல இன்னும் வெளக்கு ஏத்தலையா?”

“இல்லை” என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டது. அவள் என்னை மன்னித்துவிட்டாள், அல்லது அந்த மருத்துவர் அறையை மறந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தேன். படம் இருந்த சுவரில் ஆணியை நான் பிடுங்கியிருக்கவில்லை. அவள் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆணியில் அவளுடைய ஜெபமாலை தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அடுப்படியில் இருந்தாள். காப்பி போடும் சத்தம் கேட்டது. டம்ளரைச் சரியாக என் கை வரும் இடத்தில் வைத்தாள்.  அதன் பிறகு அவள் இருந்த வருடங்கள் முழுவதும் ஜெபமாலை அந்த ஆணியிலேயே தொங்கியது. மாலையில் சுவரோடு கையை ஓட்டிக்கொண்டு போய் அதை எடுப்பாள், முடித்ததும் திரும்ப மாட்டுவாள். படத்தைப் பற்றி மறுபடி அவள் ஒருநாளும் கேட்கவில்லை.