இரட்டையர் பலகையில் ஒற்றைப் பெயர்

டென்னிஸ் கிளப் செயலாளரே, நீங்கள் பொய்யை அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் கிளப்பின் வரலாற்றுப் புத்தகத்தில் பெண்கள் இரட்டையர் பட்டியலைப் பார்த்தேன். நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வந்த மூன்றாம் வருஷத்துக்கு நேரே 'போட்டி நடைபெறவில்லை' என்று இருக்கிறது. நடந்தது. எனக்கு ஒன்பது வயது, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜெயித்தது என் அம்மாவும் பெரியம்மாவும்.

அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். சாரம் பகுதியில் ஒரே வீடு, ஒரே அடுப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன்மார் கூட்டிப்போய் ஆடப் பழக்கினார்கள். ஒரே வருஷத்தில் அவர்களையே தோற்கடித்தார்கள். ஆனால் இறுதி ஆட்டம் வந்தபோது இருவருக்கும் நான்கு மாதமாகப் பேச்சில்லை. பெரியம்மா வைத்த மீன் குழம்பை அம்மா விருந்தாளிகள் முன்னால் 'கடல் தண்ணி' என்று சொல்லியிருந்தாள்.

எதிரே மூன்று வருஷமாகக் கோப்பையை விடாத இரண்டு பிரெஞ்சு மதாம்கள். எங்களுடையவர்கள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, கேன்வாஸ் ஷூவோடு நின்றார்கள். நடுவில் வந்த பந்தை இருவருமே தொடவில்லை. யார் எடுப்பது என்று பேசினால்தானே! மதாம்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது. எல்லாப் பந்தையும் நடுவிலேயே அடித்தார்கள். முதல் செட் போயிற்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

இரண்டாவது செட்டில் அம்மா கையிலிருந்த பந்தைப் பார்த்துப் பேசினாள்.

"நடுவுல வர்றத, கை நீளமா இருக்கிறவங்க எடுத்தா கொறஞ்சா பூடுவாங்க?"

பெரியம்மா வலையைப் பார்த்துச் சொன்னாள்: "மரியாதையா கேட்டா எடுப்பாங்க."

"கேட்டாச்சு!"

பிறகு பந்தும் வலையும் வானமும் தூது போயின. மதாம்கள் மந்திரம் ஓதுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த செட் எங்களுக்கு.

மூன்றாவது செட். இன்னும் ஒரு புள்ளி போதும். எதிரிலிருந்து பந்து உயரே எழும்பி பெரியம்மா தலைக்கு மேல் வந்தது. வெயில் அவள் கண்ணில். தூது அனுப்ப நேரமில்லை.

"அக்கா, விடு! எனக்கு!"

பெரியம்மா குனிந்தாள். அம்மா ஓடிவந்து அடித்தாள். பந்து மதாம்களின் நடுவில் விழுந்து எகிறியது. இருவருமே தொடவில்லை.

ஆட்டத்திடலே எழுந்து கத்தியது. பெரியம்மா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"நாலு மாசம் கழிச்சு வாயத் தொறக்கறா, அதுவும் 'விடு'ன்னுதான் வருது பாரு!"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்தவர்கள் பெயர் எழுதும் கிளப் பலகையில் அதுவரை ஒரு தமிழச்சி ஏறியதில்லை. ரிக்‌ஷாவில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் சாரம் வரை கத்திக்கொண்டே வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பலகையில் எழுதினார்கள். உங்கள் கிளப் வழக்கப்படி பெண்ணுக்கு என்று பெயர் கிடையாது. திருமதிக்குப் பதில் மதாம் என்று போட்டு, புருஷனின் குடும்பப் பெயரை எழுதுவீர்கள். பலகையில் எழுதக் கொடுத்த சீட்டில் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது. எழுதினவர் அதைப் பிழை என்று நினைத்து ஒருமுறை மட்டும் எழுதிவிட்டார். ஒருத்தி எப்படி இரட்டையர் ஆடுவாள் என்று இப்போது புத்தகத்தில் நீங்கள் ஆட்டத்தையே அழித்துவிட்டீர்கள்.

அன்று பலகையைப் பார்த்து நான் கைதட்டினேன்.

"அது உங்க பெரியம்மா" என்றாள் அம்மா என்னிடம்.

"போடி, அது உங்க அம்மா" என்றாள் பெரியம்மா.

இருவரும் சிரித்தார்கள். வெற்றியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அந்த ஒற்றை வரியில் இருவருமே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

செயலாளரே, எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆண்டு விழா மேடையில், எல்லோர் முன்னாலும், மைக்கில் சொல்லுங்கள்: அன்று ஜெயித்த அந்த இரண்டு பெண்களின் பெயர் என்ன?