வெள்ளாற்றுப் பாலத்தில் வழிவிட்டோம்

காலையில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. புதுக்கோட்டையில் எனக்கு இன்டர்வியூ. ஏற்கனவே தாமதம்.

புதிய கான்கிரீட் பாலத்தில் இரண்டு பஸ் தாராளமாகப் போகும். பக்கத்திலிருக்கும் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலத்தில் முன்பெல்லாம் ஒன்றுதான் போகும். முதலில் ஹாரன் அடித்தவர் வரும்வரை எதிர்க்கரை வண்டி காத்திருக்கும். போன மாதம் அதன் நடுப்பகுதியைக் கழற்றிவிட்டார்கள்.

"எதுக்குண்ணே நிக்கிறீங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அங்கிட்டு ஹாரன் கேட்டுச்சு தம்பி. அவன் வரட்டும்."

"ரோடு காலியாத்தானே இருக்கு?"

"ரோட்டுல வாரான்னு யாரு சொன்னா?" என்றார் கண்டக்டர்.

பின்சீட்டு அக்கா சிரித்தார். "பாலத்தக் கழட்டியும் பழக்கம் போகல பாரு."

அப்போது பழைய பாலத்தின் தகடுகள் அதிர்ந்தன. அக்கரையிலிருந்து சத்தம் எங்களை நோக்கி வந்தது. வெறும் காற்று மட்டுமே இருக்கும் நடுப்பகுதியிலும் அது நிற்கவில்லை.

அக்காவின் சிரிப்பு நின்றது. சத்தம் எங்களைக் கடந்தபோது டிரைவர் ஒரு கையை உயர்த்தினார். பிறகு கியர் போட்டார்.

இன்டர்வியூவில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். "எதிரே பஸ் வந்தது, வழிவிட்டோம்" என்றேன். புதிய பாலத்தைப் பற்றி அவர்களுக்கும் தெரியும். வேலை கிடைக்காது.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.