புகை அடங்கிய பிறகு

அடுப்புக்கரி பற்றத் தொடங்கும்போது எழும் முதல் புகைக்கு ஒரு கசப்பு உண்டு. அது தொண்டையில் இறங்கி, கண்ணில் நீரை வரவழைத்து, மழையில் ஊறிய கோணிப்பையின் வாடையோடு கலந்து, எங்கள் வீட்டுக் கார்த்திகை மாதத்தின் வாசனையாகவே எனக்குள் நின்றுபோனது. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில், நாட்டு ஓடு வேய்ந்த சிறிய வீடு எங்களுடையது. பனி கொட்டும் ஊர்களில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அடைமழை ஓய்ந்து, சுவரும் தரையும் ஈரம் காயாமல் சில்லிட்டுக் கிடக்கும் அந்த நாட்கள்தாம் எங்களுக்குக் குளிர்காலம்.

அப்படியொரு கார்த்திகையில் என் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட, பூந்தமல்லியிலிருந்து அப்பாவின் அக்கா வந்து சேர்ந்தாள். துணிமூட்டையோடு அத்தை இறக்கிவைத்த இன்னொரு சாமான் "குமுட்டி". தகர வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் இரும்புத் தட்டு வைத்த கரியடுப்பு அது. குழந்தைத் துணி காய வெயிலில்லை, குழந்தைக்குக் கதகதப்பு வேண்டும் என்பதால், அத்தை அதை வாசலில் வைத்து ஓலை விசிறியால் விசிறுவாள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, எப்போது உள்ளே கொண்டுபோவோம் என்று நச்சரிப்பேன்.

"ஏண்டி பறக்குற? இன்னும் பொகஞ்சுகினு கீது பாரு. கொயந்த இருக்குற ஊடு. பொக அடங்கட்டும், கரி கனியட்டும்."

பழம் மட்டுமல்ல, கரியும் கனியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கறுப்பு மறைந்து, உள்ளிருந்து சிவப்பேறி, மேலே வெண்சாம்பல் மெல்லிய தோலாகப் படர்ந்த பிறகு, ஊதினால்கூடப் புகை வராது. அதன்பின்தான் குமுட்டி வீட்டுக்குள் போகும். அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தம்பியின் துணிகளை விரிப்பாள் அத்தை. அம்மா சுவரோரம் சாய்ந்தபடி கண்ணயர்வாள். வீடே வெதுவெதுவென்று ஒரு மடியைப்போல் ஆகிவிடும்.

அந்த வெதுவெதுப்பை நிற்கவிடாமல் செய்தது எங்கள் கூரைதான். ஓடுகள் நகர்ந்து நகர்ந்து சந்து விட்டிருக்கும். மழைக்குமுன் அப்பா தார் ஷீட்டைச் செருகுவார். முதல் காற்றே அதைப் பிடுங்கிப் பக்கத்து மனையில் போட்டுவிடும்.

"இன்னாடா நைனா, இது ஊடா, சல்லடையா? மல்லாந்து படுத்தா ஆகாசம் தெரியுது!" என்பாள் அத்தை.

"அடுத்த மயைக்குள்ள மாத்திட்றேன்க்கா."

"போன மயைக்கும் இதையேதான் சொன்னே. உன் புள்ள வளர்ந்து மாத்துவான், போ!"

பிறந்த குழந்தைமேல் பொறுப்பை ஏற்றிவிட்டு எல்லோரும் சிரிப்போம்.

இதையெல்லாம் என் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அத்தை பேசுவதுபோலவே பேசிக் காட்டச் சொல்வாள். நாளடைவில் அது எங்கள் வீட்டு வேடிக்கைப் பேச்சானது, நான் கோபமாக இருந்தால் கதவோரம் தலையை மட்டும் நீட்டி, "பொக அடங்கிடுச்சா?" என்று கேட்பாள்.

போன குளிர்காலத்தில் அவள் இமாசலத்தில், ஒரு மலையூரில் படித்துக்கொண்டிருந்தாள். தோழியோடு வாடகை அறை. பனி விழுந்து மின்சாரம் நின்றது; ஹீட்டரும் நின்றது. கடையில் "அங்கீட்டி" வாங்கினாள். அங்கே கரியடுப்புக்கு அதுதான் பெயராம். "அம்மா, நம்ம குமுட்டி!" என்று படம் அனுப்பினாள். படத்தில் கரி அழகாகக் கனிந்திருந்தது. நான் பூரித்துப்போய், அத்தை பார்த்தால் மெச்சியிருப்பாள் என்று பதில் எழுதினேன்.

புகை முழுதும் அடங்கும்வரை வராந்தாவில் வைத்திருந்துவிட்டுத்தான் அதை உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். பிறகு ஜன்னலை இறுக மூடி, கதவின் அடியில் துணியைச் செருகியிருக்கிறார்கள். தலை வலித்தபோது குளிரால் என்று நினைத்தார்களாம். தோழி வாந்தி எடுத்தபோது மதியச் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்தார்களாம். அந்திப் பொழுதில் ரொட்டி வேண்டுமா என்று கேட்க வந்த வீட்டுக்கார அம்மாள், தட்டியும் பதில் வராததால் கதவை மோதித் தள்ளியிருக்கிறார். இருவரும் தரையில் கிடந்தார்கள்.

பிழைத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குழாயை எடுத்தபின் அவள் என்னிடம் போனில் முதலில் பேசியது இதுதான்: "பொகையே இல்லம்மா. நீ சொன்ன மாதிரி நல்லா கனிய விட்டுத்தான் உள்ள எடுத்துட்டுப் போனேன்."

போனை மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னேன். கனிந்த கரியிலிருந்தும் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு வருகிறது, எரியும் கரியை அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது என்று அவர் சொன்னார். அத்தைக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த வாயுவை வெளியே விட்டது ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் திட்டித் தீர்த்த ஓட்டுச் சந்துதான். மகளுக்குக் கரியைச் சொன்னேன், கனிவதைச் சொன்னேன். கூரையை வெறும் சிரிப்புக்காக மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

இப்போது அங்கே அவள் அறையில் கனமான பஞ்சு ரஜாய்ப் போர்வையும் வெந்நீர்ப் பையும் இருக்கின்றன. சுவரில் அந்த நச்சு வாயு சேர்ந்தால் அலறும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. கள்ளிக்குப்பத்தில் அத்தை இல்லை, குமுட்டி இல்லை, அந்த ஓட்டு வீடும் இல்லை. அதே மனையில் எழுந்த அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறோம். அலுமினிய ஜன்னலைத் தள்ளிச் சாத்தினால் தெருச் சத்தம்கூட உள்ளே வராது.

மார்கழி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் இருக்கும் அறையின் ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்தேன்.

"கொசு வருதும்மா, மூடு."

"வரட்டும்."

பழையபடி தலையை மட்டும் நீட்டி, "இன்னுமா பொக அடங்கல உனக்கு?" என்றாள்.

அடங்கிய பிறகுதான் எனக்குப் பயம். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.