சுடலைமாடனும் நூற்றிருபத்தெட்டு பிட்டும்

கம்ப்யூட்டர் ரகசியத்துக்குப் பூட்டு விற்பது ஒரு பிழைப்பு. வாங்குகிறவருக்கு அது என்னவென்றே தெரியாது, ஆனால் பெரிசாக வேண்டும். கோவில்பட்டியில் செல்போன் எட்டிப் பார்த்த காலத்தில் அந்தப் பிழைப்பைப் பிழைத்த பாவி நான். நீங்களும் யாருக்காவது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து ஏச்சு வாங்கியவர் என்றால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பெரிய பூட்டு

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். அப்படி ஓர் ஆபீஸ் வைத்திருந்தார் ஓர் அண்ணாச்சி. வடக்கே யார் யார் அவரிடம் சரக்கு எடுக்கிறார்கள், யாருக்கு என்ன விலை, எல்லாம் கம்ப்யூட்டர் டைரியில் இருந்தது. அவர் தம்பி முருகேசன் சண்டை போட்டுப் பாகம் பிரிந்து, எதிரிலேயே ஆபீஸ் போட்டிருந்தார். அந்த விலாசங்கள் தம்பி கைக்குப் போனால் அண்ணாச்சி கடையைக் கட்ட வேண்டியதுதான்.

டைரிக்குப் பூட்டுப் போட என்னைக் கூப்பிட்டார். நாற்பது பிட், நூற்றிருபத்தெட்டு பிட் என்று இரண்டு பூட்டு உண்டு, பிட் கூடக்கூட உடைப்பது கஷ்டம் என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எந்தம்பியைப் பத்தி உமக்குத் தெரியாது வே. இருநூறு பிட்டாப் போடும்" என்றார்.

சாவி

ஒருவழியாக நூற்றிருபத்தெட்டுக்குச் சம்மதிக்க வைத்தேன். எழுத்தும் எண்ணும் கலந்து, யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டாகப் போடச் சொன்னேன். ரகசியமாயிற்றே! என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். வெளியே தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. சுடலைமாடன். அவருடைய குலதெய்வம்.

மாற்றிவிடுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சினேன். "காவல் தெய்வம்லா வே அவரு. உம்ம பிட்டு கண்ணசந்தாலும் அவரு கண்ணசர மாட்டாரு" என்றார்.

பத்திரிகை வைக்க வந்தவர்

கொஞ்ச மாதம் கழித்து அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்று ஏசினார். நாக்பூர்க்காரரும் இந்தூர்க்காரரும் ஒரே வாரத்தில் முருகேசனிடம் போய்விட்டார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு அதே பூட்டைத்தான் விற்றிருந்தேன். அவரோடு ஆபீசுக்கு ஓடிக் கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க முருகேசன் அண்ணாச்சி வந்தாவ. நான் டீ வாங்கிட்டு வாறதுக்குள்ள டைரியைத் தொறந்து வச்சுப் பாத்துக்கிட்டிருந்தாவ. கூடப்பிறந்தவியதானேன்னு விட்டுட்டேன்."

தம்பிக்கும் அதே குலதெய்வம்தானே என்று அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டேன். கோபமெல்லாம் இறங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "பாகம் பிரிஞ்சதுலேருந்து அவன் வருசா வருசம் நடக்குற கோயில் கொடைக்கே வாறதில்ல வே. சாமியை மறந்துட்டான்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அந்தப் பூட்டை அந்நியன் உடைக்க எத்தனையோ யுகம் ஆகும் என்று அது வந்த டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள், கூடப்பிறந்தவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று போட மட்டும் மறந்துவிட்டார்கள்.