நம்ம ஆளையும் அடிக்கும் ஆட்டம்

நகரப் பேருந்து ஓட்டுகிற அவளுக்குப் பொறுமைசாலி என்று டிப்போவில் பெயர். குறுக்கே பாயும் பைக் ஓட்டி, நிறுத்தம் தாண்டியதும் "இங்கயே நிறுத்துங்க" என்று கத்துகிறவர், "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து வரும் முணுமுணுப்பு, எல்லாவற்றையும் பல்லைக் கடித்து விழுங்கிவிடுவாள். விழுங்கியது எங்கே போகும்? வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களில் வெடிக்கும்.

"அந்தக் குக்கர் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்பான் கணவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அமைதியான மனிதன். ஒருநாள் உடன் வேலை செய்பவர் வீட்டில் சும்மா கிடந்த வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "யாரையாவது அடிச்சே ஆகணும்னா, இதுல அடி."

தெருச்சண்டை ஆட்டம் அது. திரையில் ஒரு தெரு, தெரு நிறைய ரவுடிகள். நாலு பேர் வரை சேர்ந்து அவர்களை அடித்துக்கொண்டே தெருக்கோடி வரை போக வேண்டும். தாடி வைத்த மல்யுத்தக்காரரை அவள் தேர்ந்தெடுத்தாள். முதல் குத்திலேயே ஒருவன் பறந்துபோய்க் குப்பைத்தொட்டியில் விழுந்தான். கையிலிருந்த கன்ட்ரோலர் கிடுகிடுவென்று அதிர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணவன் கதவோரம் நின்று பார்த்தான்.

அந்த ஆட்டத்தில் பிடித்தது அதுதான்: பாடம் படிக்க வேண்டாம். குத்த ஒரு பொத்தான், உதைக்க ஒரு பொத்தான், ஐந்து நிமிடத்தில் யாரும் வீரர். ஆனால் ஒரு வாரத்தில் குறைகளும் தெரிந்தன. சட்டை நிறத்தை மாற்றிக்கொண்டு அதே ரவுடிகள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். நாலு பேர் சுமக்க வேண்டிய பீரோவை ஒருத்தி தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது தனியாக ஆடுவது. கணவனுக்குக் கை வரவில்லை. முதல் தெருவிலேயே செத்துவிட்டு, "நான் போய் டீ போடறேன்" என்று எழுந்துவிடுவான். ஆன்லைனில் முகம் தெரியாதவர்களோடு ஆடிப் பார்த்தாள். பாதிச் சண்டையில் லைன் அறுந்து, அவள் ஆள் தூக்கிய காலோடு சிலையாக நின்றார். மறுமுனையில் ஒருவன் கண்டபடி திட்டினான்.

"ரோட்லதான் திட்டு வாங்குறேன். வீட்லயுமா?" என்று அணைத்துவிட்டாள்.

மாடியில் குடியிருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. இருவருக்கும் பல மாதங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாண வீட்டில், உறவுக்காரர்கள் நடுவே, "அக்கா வீட்ல இருக்கறது ஸ்டாண்டுல பஸ் நிக்கற மாதிரி, எப்போ கிளம்புவாங்கன்னே தெரியாது" என்று அவள் சொல்ல, எல்லோரும் கொல்லென்று சிரித்திருந்தார்கள். தீயினால் சுட்ட புண்ணாவது ஆறும். இது ஆறவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அந்த ஓரகத்தியே படியிறங்கி வந்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"டமால் டுமீல்னு என்ன சத்தம்? மேல மனுஷங்க தூங்க வேணாமா?"

"எனக்கும் லீவு நாள்தான்."

கணவன் இரண்டாவது கன்ட்ரோலரை நைசாகத் தம்பி மனைவியிடம் நீட்டினான். "நீ வேணும்னா அவளை ரெண்டு அடி அடிச்சிட்டுப் போம்மா."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஆட்டத்தில் அது நடக்கும். நம்முடைய குத்து கூட இருக்கிறவர் மேலும் விழும். அதைப் பெரிய குறை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஓரகத்தி உட்கார்ந்தாள். முதல் தெருவில் ரவுடிகள் கைகட்டி வேடிக்கை பார்க்காத குறை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படி அடித்துக்கொண்டார்கள். திரும்பத் திரும்பத் தோற்றார்கள்.

"அக்கா, முன்னாடி ஓடாதீங்க. நீங்க ஓடினா நான் சுவத்துல மாட்டிக்கறேன்."

உண்மைதான். ஒருவர் பின்தங்கினால் திரை நகராது, மற்றவர் முன்னால் ஓடியும் பயனில்லை. அவள் நின்றாள். ஓரகத்தி வந்து சேர்ந்தாள். அடுத்த தெருவில் மல்யுத்தக்காரர் குப்புற விழுந்தபோது, ஓரகத்தி தன் உயிரில் பாதியைக் கொடுத்து எழுப்பிவிட்டாள். அதற்கும் அந்த ஆட்டத்தில் ஒரு பொத்தான் இருந்தது.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"வலது பக்கம் பாரு, கத்தியோட ஒருத்தன் வர்றான்."

அவனை இருவரும் சேர்ந்து வீழ்த்திய பிறகு, அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். "இப்போ சொல்லு."

"காலைல நீங்க யூனிஃபார்ம் போட்டுட்டுக் கிளம்பறதை மாடியிலேர்ந்து பார்ப்பேன். வயிறெரியும். பார்லர் வேலையை விட்டதிலேர்ந்து எனக்குப் போக ஒரு இடமே இல்லக்கா. அந்த எரிச்சல்தான் வாய்ல வந்துடுச்சு."

பொறாமைப்படும்படி தன்னிடம் ஏதாவது இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"விட்ட வேலையைத் திரும்பப் பிடிக்க முடியாதா? டிப்போ பக்கத்துல புதுசா ஒரு பார்லர் திறந்திருக்காங்க. ஆள் வேணும்னு போர்டு தொங்குது. போய்க் கேளு."

"கை மறந்திருக்கும்."

"இந்தக் கையா? என்னை இந்த அடி அடிச்ச கையா?"

இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஓரகத்தி போய்க் கேட்டாள். வேலை கிடைத்தது. முதல் நாள் ஒரு வாடிக்கையாளரின் முடியைக் கேட்டதைவிடக் குட்டையாக வெட்டிவிட்டு முகம் வாடி வந்தாள். மாதம் முடிவதற்குள் அவள்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அதன்பிறகு ஓரகத்திகள் இருவருக்குள் சண்டையே வரவில்லை என்று சொன்னால் பொய். மாடியில் துணி காயப்போடும் கொடிக்காக இப்போதும் முட்டிக்கொள்வார்கள். ஆனால் மறுநாளே பேசிவிடுவார்கள்.

ஆட்டத்தின் கடைசி வில்லன் மகா அநியாயக்காரன். செத்தான் என்று எழுந்து நின்றால், உயிர் நிரம்பித் திரும்பி வருவான். விடுமுறை நாட்களில் மோதி மோதி ஒருவழியாக அவனையும் சாய்த்தார்கள். அதோடு ஆட்டம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்று ஓரகத்திக்கு ஏமாற்றம்.

"அவ்வளவுதான். ஆம்பளைங்களைக் கூப்பிடு. நாலு பேரா ஆடலாம்."

அண்ணனும் தம்பியும் இன்னும் இரண்டு கன்ட்ரோலரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நாலு பேர் சேர்ந்ததும் திரையில் யார் யாரென்றே புரியவில்லை. அவள் கணவன் வெகுநேரம் ஒரு சுவரைக் குத்திக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அது சுவரு!"

"அப்போ நான் எங்க இருக்கேன்?"

"தரையில கிடக்கீங்க. இருங்க, எழுப்பறேன்," என்று அவள் பொத்தானை அழுத்தினாள்.