குறுக்கால ஏறிய ரமணி அக்கா

நான் செய்துகொண்டிருக்கும் போன் கேமை இன்று பதுளையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ரமணி அக்காவிடம் விளையாடக் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்து லயம்தான் அக்காவுக்கு.

கேமில் ஒரு தேயிலைத் தோட்டம். அடிவாரத்திலிருந்து உச்சியில் இருக்கும் பங்களா வரை வளைந்து வளைந்து ரோடு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேய், ஒரு புதையல். விளையாடுகிறவர்கள் சுற்றித் தேடட்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவை.

அக்கா ரோட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேயிலைக்குள் புகுந்து நேரே ஏறி, பஸ் ஹாலி எல தாண்டுவதற்குள் பங்களா வாசலில் நின்றார்.

"அவ்வளவுதானா தங்கச்சி? ஒரு பேயக்கூட காணோமே."

"ரோட்ல போயிருக்கணும்க்கா!"

"ரோடு வண்டிக்கு. நடந்து போறவங்க குறுக்காலதானே ஏறுவாங்க? நீ எப்புடி வீட்டுக்குப் போவ?"

நானும் குறுக்குப் பாதையில்தான் போவேன். அதனால்தான் கேமில் தேயிலைக்குள் போகும் வழியை மறிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இனி மறிக்கவும் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேய், புதையல் எல்லாவற்றையும் குறுக்குப் பாதைக்கு மாற்றிவிட்டேன். ரோட்டில் போகிறவர்களுக்கு எதிரே பங்களாவில் இருக்கும் தோட்டத்துத் துரையின் ஜீப் மட்டும்தான் வரும்.

உங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் எந்த இடத்தில் மூச்சு வாங்கும்? சொல்லுங்கள், அங்கே ஒரு பேயை உட்காரவைக்கிறேன்.